மிதித்தவர்களின் பிள்ளைகள்

விசுவாசமும் புனைவும்: ஒரு வரலாறு – பகுதி 11

1633 அக்டோபர் 18. ஜப்பானின் நாகசாகி நகரில், நிஷிசாகா குன்றின்மேல் குழிகள் வெட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு குழிக்கும் மேலே ஒரு மரச்சட்டம். பிடிபட்ட குருக்களின் உடம்பைக் கயிற்றால் இறுகச் சுற்றி, கால்களைச் சட்டத்தில் கட்டி, தலைகீழாக உள்ளே இறக்கினார்கள். இரத்தம் தலைக்கேறி உயிர் சீக்கிரம் போய்விடக் கூடாது என்று காதோரம் சிறிதாகக் கீறிவிட்டார்கள். ஒரு கையை மட்டும் கட்டாமல் விடுவது வழக்கம். மனம் மாறியவர் அந்தக் கையை அசைத்தால் போதும், மேலே தூக்கிவிடுவார்கள்.

அன்று தொங்கவிடப்பட்டவர்களில் ஒருவர் நகௌரா ஜூலியன். ஜப்பானியர். 1582இல் கிறிஸ்தவப் பிரபுக்கள் மூவர் ரோமாபுரிக்குத் தூது அனுப்பிய நான்கு சிறுவர்களில் ஒருவராகக் கப்பலேறியவர். கோவா வழியாக ஐரோப்பா போய், 1585இல் பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரியாரைக் கண்டு, 1590இல் ஊர் திரும்பினார். சேசு சபையில் சேர்ந்து குருப்பட்டம் பெற்றார். மதம் தடை செய்யப்பட்ட பிறகும் நாட்டை விட்டுப் போகாமல், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலையிலும் காட்டிலும் ஒளிந்து திரிந்து, மக்களுக்குப் பூசை வைத்தவர். அறுபது வயதைக் கடந்திருந்த அந்த மனிதர் குழியில் மூன்று நாள் தொங்கி, 21ஆம் தேதி உயிர்விட்டார்.

இன்னொருவர் கிறிஸ்தோவாவ் ஃபெரைரா. போர்ச்சுகீசியர். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஜப்பானில் உழைத்தவர். அப்போது அந்த நாட்டுச் சேசு சபையின் பொறுப்பையே தாங்கிக்கொண்டிருந்தவர். வேதசாட்சிகள் எப்படி எப்படி மாண்டார்கள் என்று ரோமாபுரிக்கு அறிக்கை எழுதி அனுப்பிய கைகளில் அவர் கையும் ஒன்று. ஐந்து மணி நேரம் கழிந்தபோது அந்தக் கை அசைந்தது.

ஜூலியனின் கதையைத் திருச்சபை எழுதியது. ஃபெரைராவின் கதையை எழுத ஒரு நாவலாசிரியர் வர 333 ஆண்டுகள் ஆயின. இந்தப் பகுதி அந்த நாவலைப் பற்றியது: ஷுசாக்கு எண்டோ 1966இல் வெளியிட்ட ‘மௌனம்’.

ஜப்பானில் கிறிஸ்தவம் கால் வைத்த கதையின் முதல் பக்கத்தில் தமிழ்க் கரைக்கும் இடமுண்டு. பிரான்சிஸ் சவேரியார் 1542இல் கோவாவில் இறங்கிய அதே ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு, கையில் மணியோடு ஊருக்குள் நடந்து பரதவர் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டினார். மணப்பாட்டுக் குகை இன்றும் அவர் பேரைச் சொல்லும். அங்கிருந்து மலாக்கா போனவர் 1547இல் அஞ்ஜிரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பின் தொடர்ச்சியாக 1549 ஆகஸ்டு 15 அன்று ககோஷிமாவில் போய் இறங்கினார்.

அடுத்த அறுபது ஆண்டுகளில் நடந்த வளர்ச்சியை நம்புவது கடினம். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் சுமார் மூன்று லட்சம் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பிரபுக்கள் சிலர் தம் குடிகளோடு மதம் மாறினார்கள். நாகசாகி கிறிஸ்தவர்களின் நகரமாகவே வளர்ந்தது. ஆனால் துறவிகளுக்குப் பின்னால் வணிகக் கப்பல்களும், கப்பல்களுக்குப் பின்னால் பீரங்கிகளும் வரும் என்று ஆட்சியாளர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் ஆதாரமற்றது என்று சொல்ல முடியாது. 1587இல் அப்போதைய ஆட்சியாளர் ஹிதேயோஷி துறவிகளை வெளியேறச் சொன்னார். 1597 பிப்ரவரி 5 அன்று இருபத்தாறு பேர் அதே நிஷிசாகா குன்றில் சிலுவையில் கட்டப்பட்டு ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான கொன்சாலோ கார்சியா நம் மேற்குக் கடற்கரையின் வசாயில் பிறந்தவர். 1614இல் தோக்குகாவா அரசு நாடு முழுவதற்கும் தடை விதித்தது.

கொல்வதில் ஒரு சிக்கல் இருப்பதை அரசு விரைவிலேயே கண்டுகொண்டது. கொலைக்களத்தைச் சுற்றி மக்கள் மண்டியிட்டுப் பாடினார்கள். இறந்தவரின் சாம்பலைத் திருடிக்கொண்டு போனார்கள். ஒருவர் செத்தால் பத்துப் பேர் உறுதிப்பட்டார்கள். ஆகவே முறை மாறியது. வேதசாட்சியை உண்டாக்காதே, மறுதலித்தவனை உண்டாக்கு. குழி அதற்காகப் பிறந்த கருவி. 1640இல் கிறிஸ்தவ ஒடுக்குமுறைக்குப் பொறுப்பேற்ற இனோவே மசாஷிகே இந்த முறையை நுட்பமாக்கியவர். அடிப்பதைவிடப் பேசுவதில் நம்பிக்கை வைத்தவர் அவர்.

சாதாரணக் குடிகளுக்கு வேறொரு கருவி: ‘ஃபூமியே’. கிறிஸ்துவின் உருவமோ தேவமாதாவின் உருவமோ பொறித்த தகடு. முதலில் தாளிலும் மரத்திலும் செய்தார்கள். ஓயாமல் மிதித்து அவை தேயவே, 1669இல் ஒரு வார்ப்புக் கலைஞரைக் கொண்டு இருபது பித்தளைத் தகடுகள் வார்க்கப்பட்டன. புத்தாண்டு பிறந்ததும் நாகசாகிப் பகுதியில் வீடு வீடாக அதை எடுத்துப்போவார்கள். பெரியவர், சிறியவர், நோயாளி, எவரும் தப்ப முடியாது. கைக்குழந்தையின் பாதத்தையும் பிடித்து அதன்மேல் வைப்பார்கள். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் இது நடந்தது.

ஃபெரைராவுக்கு என்ன ஆயிற்று? சவானோ சூவான் என்று ஜப்பானியப் பெயர் வைத்தார்கள். ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்தச் செய்தார்கள். 1636இல் கிறிஸ்தவத்தை மறுக்கும் சிறு நூல் ஒன்று அவர் பெயரில் எழுதப்பட்டது. பிடிபட்ட கிறிஸ்தவர்களை விசாரிக்கும்போது மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தார். மேற்கத்திய வானியலையும் மருத்துவத்தையும் ஜப்பானியருக்கு எழுதிக் கொடுத்தார். 1650இல் நாகசாகியில் இறந்தார். செய்தி கேட்ட ஐரோப்பியச் சேசு சபையினர் முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு, அவர் செய்த பாவத்துக்குத் தங்கள் இரத்தத்தால் ஈடுசெய்வோம் என்று புறப்பட்டவர்கள் உண்டு. அப்படி வந்த முதல் குழு 1643இல் கொல்லப்பட்டது. அதே ஆண்டு வந்த இரண்டாம் குழுவில் சிசிலித் தீவின் ஜுசெப்பே கியாரா இருந்தார். பிடிபட்டார், எடோ நகருக்குக் கொண்டுபோகப்பட்டார், சித்திரவதைக்குப் பின் மறுதலித்தார். ஒகாமோட்டோ சன்எமோன் என்ற பெயரோடு, மனைவியோடு, ‘கிறிஸ்தவர் வளாகம்’ என்ற காவல் வீட்டில் நாற்பது ஆண்டு வாழ்ந்து 1685இல் மாண்டார்.

எண்டோவின் நாயகன் செபாஸ்தியாவ் ரொட்ரிகஸ் இந்தக் கியாராவின் சாயலில் வார்க்கப்பட்டவன்.

வேதசாட்சியை எப்படிப் பாடுவது என்று தமிழ் மண்ணுக்குத் தெரியும். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தரும் போர்ச்சுகீசியச் சேசு சபைத் துறவிதான். அவர் இரத்தம் சிந்திய மணல் சிவந்தது என்று மக்கள் இன்றும் அதை அள்ளிக்கொண்டு போகிறார்கள். 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்ட தேவசகாயம் பிள்ளைக்கு அம்மானையும் நாடகமும் உண்டு. 2022இல் ரோமாபுரி அவரைப் புனிதராக அறிவித்ததற்கு வெகு முன்பே மக்கள் அறிவித்துவிட்டார்கள். உறுதியாக நின்று செத்தவனுக்கு அம்மானையும் கூத்தும் காவியமும் பொருந்தும். அவன் ஒரே முகம் உடையவன். அவனுடைய கடைசிச் சொல் எது என்று ஊருக்கே தெரியும்.

விழுந்தவனைப் பற்றி யார் பாடுவது? அவன் வீடு திரும்பினான். மறுநாள் சோறு தின்றான். மனைவி முகத்தைப் பார்த்தான். அந்த இரவு அவன் உள்ளே என்ன ஓடியது என்பதற்குச் சாட்சி இல்லை. சபைக்கு அவன் ஒரு தழும்பு, மறைத்துவிடத்தான் விரும்பும். அரசுக்கு அவன் கணக்கேட்டில் ஒரு வரி. எண்டோ தம் கட்டுரைகளில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்: பலவீனர்களை இரண்டு தரப்பும் வரலாற்றிலிருந்து அழித்துவிட்டன, அவர்கள் அழுததும் வெட்கியதும் எங்கும் பதிவாகவில்லை, அந்த இடத்துக்குப் போக வேண்டியது இலக்கியத்தின் கடமை. நாவல் என்ற வடிவம் கிறிஸ்தவத்துக்குச் செய்த பெரிய உபகாரம் இதுவென்றே இத்தொடர் கருதுகிறது. வேதாகமத்திலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. சேவல் கூவும் முன்பே ஆண்டவரை மறுதலித்த பேதுருவை நான்கு நற்செய்தியாளர்களில் எவரும் மறைக்கவில்லை.

எண்டோ 1923 மார்ச் 27 அன்று டோக்கியோவில் பிறந்தவர். குழந்தைப் பருவம் மஞ்சூரியாவின் தாய்ரென் நகரில் கழிந்தது. அப்பாவும் அம்மாவும் பிரிந்தார்கள். 1933இல் அம்மா இக்கு இரண்டு மகன்களோடு ஜப்பான் திரும்பி, கோபே நகரில் கத்தோலிக்கரான அக்கா வீட்டில் தங்கினார். வயலின் கலைஞரான அந்த அம்மா அக்காவின் மதத்தில் ஆறுதல் தேடினார். 1935இல் பன்னிரண்டு வயது மகனும் அருகிலிருந்த ஷுக்குகாவா கோவிலில் ஞானஸ்நானம் பெற்றான். பெயர் சின்னப்பர். நம்புகிறாயா என்று சாமியார் கேட்டதற்கு மற்றப் பிள்ளைகளைப் போல அவனும் ஆமாம் என்றான். அவ்வளவுதான் அவனுடைய மனமாற்றம்.

அம்மா தைத்துக் கொடுத்த மேல்நாட்டுக் கோட்டு தன் உடம்புக்குச் சேரவில்லை என்று பின்னாளில் எழுதினார் எண்டோ. சில இடத்தில் தொளதொள, சில இடத்தில் இறுக்கம். பலமுறை கழற்றி எறிய நினைத்தும் முடியவில்லை, அம்மா கொடுத்ததாயிற்றே. கழற்றுவதை விட்டு, அதையே தன் உடம்புக்கு ஏற்ற ஜப்பானிய உடையாகத் தைத்துக்கொள்வதுதான் தன் எழுத்து வாழ்க்கை என்றார்.

தமிழ் வாசகருக்கு இந்தத் தவிப்பு சற்று அந்நியமாகத் தோன்றலாம். நம்மிடையே வீரமாமுனிவர் 1726இலேயே சூசையப்பருக்குத் தமிழ்க் காவிய இலக்கணப்படி ‘தேம்பாவணி’ பாடிவிட்டார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேமுக்குக் குறவஞ்சி எழுதினார். பொங்கலும் தேரும் கும்பிடு சேவையும் கோவில் முற்றத்துக்கு வந்துவிட்டன. ஜப்பானில் இருநூற்றைம்பது ஆண்டுத் தடை அந்த வாய்ப்பை வெட்டிவிட்டது. தடை தளர்ந்து 1873இல் நீங்கிய காலத்தில் திரும்பி வந்த கிறிஸ்தவம் பிரெஞ்சு உச்சரிப்போடு, பிரெஞ்சுக் கோபுரங்களோடு வந்தது. சவேரியாரின் பிள்ளைகளில் ஒரு கிளை மண்ணோடு கலந்து வளர்ந்ததையும் இன்னொரு கிளை நிலத்துக்கடியில் கிடந்ததையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால்தான் எண்டோவின் வலி புரியும்.

கீயோ பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் படித்து, 1950இல் அவர் பிரான்சுக்குக் கப்பலேறினார். போர் முடிந்து ஐந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கப்பலின் கடைசி வகுப்பில் பயணம். உடன் வந்தவர்களில் துறவியாகப் போன இனோவே யோஜி ஆயுள்கால நண்பரானார். லியோன் நகரில் கத்தோலிக்க நாவலாசிரியர்களைக் கற்றார். பிரான்சுவா மோரியாக்கின் ‘தெரேஸ் தெஸ்கெய்ரூ’ நாவல் நடக்கும் லாந்து நிலப்பரப்பை நடந்தே சுற்றிப் பார்த்தார். தன் கணவனுக்கு நஞ்சு கலந்து கொடுத்த பெண்ணைத் தண்டிக்காமலும் விடுவிக்காமலும் அவள் பின்னாலேயே நடந்துபோகும் அந்த எழுத்து அவரை விடவில்லை. ஒரு கத்தோலிக்க எழுத்தாளன் பாவியின் உள்ளத்துக்குள் இறங்கும்போது அவன் கையும் அழுக்காகாதா என்று மோரியாக் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்ட கேள்வி எண்டோவுக்கும் வந்து சேர்ந்தது. காசநோயும் வந்தது. 1953இல் நாடு திரும்பினார். அந்த ஆண்டின் இறுதியில் அம்மா இறந்தார்.

1955இல் அகுத்தாகவா விருது. பிறகு ‘கடலும் நஞ்சும்’: போரின் இறுதியில் கியூஷூவில் அமெரிக்கக் கைதிகளை உயிரோடு அறுத்துப் பார்த்த மருத்துவர்களைப் பற்றிய நாவல். மனசாட்சி வலிக்காத மனிதனைக் கண்டு அஞ்சிய ஒருவரின் எழுத்து அது. 1960இல் நோய் திரும்பியது. இரண்டரை ஆண்டுகள் மருத்துவமனை, மூன்று நுரையீரல் அறுவைகள். மூன்றாவதில் பிழைப்பது நிச்சயமில்லை என்றிருந்தது. அந்தப் படுக்கையில்தான் ஒளிந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களைப் பற்றிய நூல்களைப் படிக்கத் தொடங்கினார்.

நோய் தணிந்து நாகசாகி போனபோது ஒரு பழைய மாளிகைக் காட்சிக்கூடத்தில் ஃபூமியே ஒன்றைப் பார்த்தார். தகட்டைப் பதித்திருந்த மரச்சட்டத்தில் கறுப்பாகக் கால்விரல் தடங்கள். ஒரு ஆளின் தடமல்ல, எத்தனையோ பேர் மிதித்து மிதித்து உண்டானது. டோக்கியோ திரும்பிய பிறகும் அந்தத் தடங்கள் அவரை விடவில்லை. மிதித்தவர்கள் யார்? எந்த மனநிலையில் மிதித்தார்கள்? அந்த இடத்தில் நான் நின்றிருந்தால்? மூன்றாவது கேள்விக்கு அவரிடம் நேர்மையான விடை இருந்தது. தானும் மிதித்திருப்பேன் என்றே நம்பினார். போர்க்காலத்தில் எதிரியின் மதத்தைப் பின்பற்றுகிறவன் என்று ஏச்சு வாங்கி வளர்ந்தவர் அவர். உடல் வலிக்கு அஞ்சும் தன் சுபாவத்தை எங்கும் ஒளித்ததில்லை.

நாவலின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தம் ஆசான் ஃபெரைரா மறுதலித்தார் என்ற செய்தியை நம்ப முடியாமல் இரண்டு இளம் துறவிகள் மக்காவ் வழியாக ஜப்பானுக்குள் நுழைகிறார்கள். மலைக் குடிசையில் ஒளிகிறார்கள். குடியானவர்கள் இருட்டில் வந்து பாவசங்கீர்த்தனம் செய்கிறார்கள். துறவிகள் காட்டிக்கொடுக்கப்படுகிறார்கள்.

கதையைவிடக் கட்டமைப்பில்தான் எண்டோவின் மேதைமை இருக்கிறது. முற்பகுதி முழுவதும் ரொட்ரிகஸ் எழுதும் கடிதங்கள். ‘நான்’ என்று பேசுகிறான். தன்னைக் கிறிஸ்துவோடு ஒப்பிட்டுக்கொள்கிறான், தன் பாடுகளை முன்கூட்டியே அழகுபடுத்திப் பார்க்கிறான். அவனறியாமல் அவன் எழுதுவது ஒரு வேதசாட்சியின் சரித்திரம். பிடிபடும் கட்டம் வந்ததும் கடிதம் நின்றுவிடுகிறது. அதன்பின் கதை ‘அவன்’ என்று படர்க்கையில் நகர்கிறது. மறுதலித்த பிறகு இன்னும் விலகி, டச்சு வணிக நிலையத்து எழுத்தன் ஒருவனின் குறிப்புகளில் தலைகாட்டும் ஆளாகிறான். கடைசியில் காவல் வீட்டு அதிகாரியின் நாட்குறிப்பில் செலவுக் கணக்கோடு கணக்காகக் கிடக்கிறான். ஒரு மனிதனிடமிருந்து குரல் படிப்படியாகப் பறிக்கப்படுவதை வாசகர் உணரும் முன்பே நாவல் நடத்தி முடித்துவிடுகிறது.

கூடவே வருகிறான் கிச்சிஜிரோ. குடிகாரன், கோழை. தன் குடும்பமே எரிந்து சாக, தான் மட்டும் மிதித்துத் தப்பியவன். துறவியைக் காட்டிக்கொடுப்பவனும் அவனே. காட்டிக்கொடுத்த பிறகு நாயைப் போல் பின்தொடர்ந்து வந்து பாவமன்னிப்புக் கேட்பவனும் அவனே. மறுபடி மிதிப்பான், மறுபடி வந்து நிற்பான். நல்ல காலத்தில் பிறந்திருந்தால் தானும் நல்ல கிறிஸ்தவனாக வாழ்ந்து செத்திருப்பேனே, ஏன் இந்தக் காலத்தில் பிறந்தேன் என்று அவன் புலம்பும் இடம் நாவலின் மிகக் கனமான இடங்களில் ஒன்று. கிச்சிஜிரோ நானே என்று எண்டோ சொன்னார். யூதாசின் பாத்திரத்தைக் கையிலெடுத்த நாவல்கள் பல உண்டு. அவனைத் திரும்பத் திரும்பக் கதவைத் தட்ட வைத்த நாவல் இது.

ரொட்ரிகஸ் மறுதலிக்கும் அந்த இரவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இருட்டறையில் அடைபட்டிருக்கும் ரொட்ரிகஸுக்கு வெளியே யாரோ குறட்டை விடும் சத்தம் கேட்கிறது. நாளை நான் சாகப்போகிறேன், காவலன் தூங்குகிறானே என்று சிரிப்பும் எரிச்சலும் வருகிறது. வந்தவர் ஃபெரைரா. அது குறட்டை அல்ல, குழியில் தொங்கும் குடியானவர்களின் முனகல் என்று சொல்கிறார். அவர்கள் எப்போதோ மறுதலித்துவிட்டார்கள். துறவி மிதிக்கும்வரை அவர்களை ஏற்ற மாட்டார்கள். தன் உயிரைக் கொடுக்கத் தயாராக வந்தவனிடம் கேட்கப்படுவது உயிரல்ல. அவன் இத்தனை நாள் சேர்த்து வைத்த பெயரும், தூய்மையும், சபையில் அவனுக்குள்ள இடமும், அவன் நேசித்த அந்த முகமும் கேட்கப்படுகின்றன. அவன் காலைத் தூக்கும்போது, மிதிபட்டுத் தேய்ந்த அந்த முகம் அவனோடு பேசுகிறது: மிதிக்கலாம், மிதிபடத்தான் வந்தேன் என்ற பொருளில். எங்கோ சேவல் கூவுகிறது.

புத்தகத்துக்கு எண்டோ முதலில் ‘வெயிலின் வாசனை’ என்ற பொருளுடைய தலைப்பு வைத்திருந்தார். பதிப்பகத்தின் யோசனைப்படி அது மாறியது. பிற்காலத்தில் அவர் இதற்காக வருந்தினார். கடவுள் பேசவே இல்லை என்று சொல்லும் நாவலாகப் பலர் அதை வாசித்துவிட்டார்கள். அந்த மௌனத்துக்குள்ளிருந்து வந்த குரலைத்தான் அவர் எழுதியிருந்தார்.

நாகசாகிக் கத்தோலிக்கர்கள் கொதித்தார்கள். இந்தப் புத்தகத்தைப் படிக்காதீர்கள் என்று சொன்ன குருக்கள் உண்டு. கிறிஸ்துவே மறுதலிக்கச் சொன்னார் என்று எழுதுவது எப்படி? அப்படியானால் குழியில் செத்த நகௌரா ஜூலியன் ஏமாந்தவரா? கால்நடையாகப் பாரசீகமும் எருசலேமும் கடந்து ரோமாபுரி போய்க் குருவாகி, சாவதற்கென்றே திரும்பி வந்து 1639இல் எடோவில் மாண்ட பீட்டர் கிபே, ஃபெரைராவை நேரில் கண்டு திரும்பி வருமாறு வேண்டினார் என்று சொல்லப்படுகிறதே, அவர் வேண்டியது வீணா? இந்தக் கேள்விகளை அறியாமை என்று தள்ளுவது நியாயமல்ல. அவற்றைக் கேட்டவர்களின் முன்னோர் செத்திருக்கிறார்கள். 1868 தொடங்கி நாகசாகியின் உராக்காமிப் பகுதியிலிருந்து மட்டும் மூவாயிரத்துக்கும் அதிகமானோர் உள்நாட்டின் வேறு பகுதிகளுக்கு விரட்டப்பட்டார்கள், அவர்களில் அறுநூறு பேருக்கு மேல் திரும்பவில்லை. அதே உராக்காமியின் மேல்தான் 1945 ஆகஸ்டு 9 அன்று அணுகுண்டு வெடித்தது. அந்தப் பங்கின் பன்னிரண்டாயிரம் விசுவாசிகளில் சுமார் எட்டாயிரத்து ஐந்நூறு பேர் மாண்டார்கள்.

சென்ற பகுதியில் பார்த்த கிரகாம் கிரீனுக்கும் இதே அனுபவம்தான். மெக்சிகோவின் குடிகாரக் குருவைப் பற்றிய ‘வல்லமையும் மகிமையும்’ 1940இல் வந்தது. 1950களில் ரோமாபுரித் திருமன்றம் அதைக் கண்டித்தது. 1965இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் கிரீனை நேரில் கண்டபோது, உங்கள் எழுத்து சில கத்தோலிக்கர்களைப் புண்படுத்தத்தான் செய்யும், அதைப் பொருட்படுத்தாதீர்கள் என்ற கருத்தில் பேசி அனுப்பினார். கிரீனைத் திரும்பத் திரும்பப் படித்தவர் எண்டோ. எண்டோவைத் தம் காலத்தின் மிகச் சிறந்த நாவலாசிரியர்களில் ஒருவர் என்று கிரீன் போற்றினார். ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். கிரீனின் குரு கடைசியில் சுடப்பட்டுச் சாகிறார். குடிகாரராயினும் வேதசாட்சி. எண்டோ அந்த ஆறுதலையும் தரவில்லை. அவருடைய குரு வாழ்கிறார், முதுமை அடைகிறார், பௌத்த முறைப்படி எரிக்கப்படுகிறார்.

ஆனால் ‘மௌனம்’ வேதசாட்சிகளைச் சிறுமைப்படுத்தும் நூல் என்ற குற்றச்சாட்டு நிற்காது. மொக்கிச்சி, இச்சிசோ என்ற இரு குடியானவர்களை அலையடிக்கும் கடலோரத்தில் கம்பத்தில் கட்டி, ஏற்றநீர் உயர உயர நாள்கணக்கில் சாக விடும் அத்தியாயத்தைப் படித்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். எண்டோ அவர்களை அளவற்ற மரியாதையோடு எழுதியிருக்கிறார். அவருடைய வாதம் ஒன்றே ஒன்று: கம்பத்தில் செத்தவனை நேசித்த கடவுள், கரையில் நின்று நடுங்கியவனை வெறுத்துவிட்டாரா?

இந்த இடத்தில் வரலாறு எண்டோவுக்குத் துணை நிற்கிறது. 1865 மார்ச் 17 அன்று நாகசாகியில் புதிதாகக் கட்டப்பட்ட ஊரா கோவிலுக்கு உராக்காமி மக்கள் சிலர் வந்தார்கள். பிரெஞ்சுக் குரு பெத்திஜானின் அருகில் வந்து, எங்கள் மனமும் உங்கள் மனமும் ஒன்றே என்று மெல்லச் சொல்லி, தேவமாதா சுரூபம் எங்கே என்று கேட்டார்கள். குருக்கள் இல்லாமல், கோவில் இல்லாமல், ஏழு தலைமுறை! உலகத் திருச்சபை வியந்து கொண்டாடிய செய்தி அது. கொண்டாட்டத்தில் ஒரு உண்மை அழுத்திச் சொல்லப்படவில்லை. உறுதியாக நின்றவர்கள் பிள்ளை குட்டியோடு செத்துப்போனார்கள். ஊரா கோவில் வாசலில் வந்து நின்றவர்கள், ஆண்டுதோறும் ஃபூமியேயை மிதித்தவர்களின் பேரப்பிள்ளைகள். மிதித்துவிட்டு வீடு திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு, பாவத்துக்காக வருந்தும் செபத்தைச் சொன்னார்கள். நம்மூர்க் கத்தோலிக்க வீடுகளில் மனஸ்தாப மந்திரம் என்பார்களே, அதுதான். குரு இல்லாத நாளில் உத்தம மனஸ்தாபமே மன்னிப்பைத் தரும் என்று சொல்லும் சிறு நூலொன்று 1603ஐ ஒட்டி ஜப்பானிய மொழியில் எழுதப்பட்டது. அச்சுப் பிரதிகள் அழிந்தன. கையெழுத்துப் பிரதிகள் வீட்டுக்கு வீடு, தலைமுறைக்குத் தலைமுறை நகலெடுக்கப்பட்டுப் பிழைத்தன. அடுத்த புத்தாண்டில் மறுபடி மிதித்தார்கள், மறுபடி அழுதார்கள். ஜப்பானில் விசுவாசம் பிழைத்திருந்தது இந்த மனிதர்களால்தான்.

இப்படி மறைந்து வாழ்ந்த மக்களின் சொத்தோமே கடற்கரைதான் நாவலின் தொமோகி கிராமத்துக்கு மாதிரி. 2000இல் எண்டோவின் இலக்கிய அருங்காட்சியகம் அங்கேயே திறக்கப்பட்டது. 2018இல் நாகசாகிப் பகுதியின் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களின் இடங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நாவலின் கடைசிப் பக்கங்களைப் பலர் படிப்பதில்லை. அதிகாரியின் நாட்குறிப்பு பழைய அரசாங்க நடையில், வறண்ட பதிவுகளாக இருக்கிறது. ‘கிறிஸ்தவர் வளாகம்’ பற்றிய உண்மையான ஆவணம் ஒன்றைத் தழுவி எண்டோ அதை அமைத்தார். பொறுமையாகப் படித்தால் இரண்டு செய்திகள் கிடைக்கும். மறுதலித்த ரொட்ரிகஸிடம் பல ஆண்டுகளுக்குப் பிறகும் மறுதலிப்புப் பத்திரம் எழுதி வாங்குகிறார்கள். ஒருமுறை மறுதலித்தவனிடம் மறுபடி ஏன் வாங்க வேண்டும்? இடையில் என்ன நடந்தது? எண்டோ சொல்லவில்லை. இரண்டாவது, அங்கே வேலைக்காரனாகச் சேர்ந்துவிட்ட கிச்சிஜிரோவின் கழுத்துத் தாயத்துப் பையைச் சோதிக்கிறார்கள். உள்ளே ஒரு படம். ஒரு பக்கம் இராயப்பர் எனும் பேதுருவும் சின்னப்பரும். மறு பக்கம் ஒரு சம்மனசும், முத்துக்குளித்துறையில் மணியடித்து நடந்த அதே சவேரியாரும். எத்தனை முறை மிதித்தவன்!

ஐரிஷ் சேசு சபைக் குரு வில்லியம் ஜான்ஸ்டனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1969இல் வந்தபின் நாவல் உலகெங்கும் சென்றது. 1971இல் மசாஹிரோ ஷினோதா படமாக்கினார். 1988இல் கிறிஸ்துவைப் பற்றிய தம் படத்துக்காகக் கண்டனங்களுக்கு ஆளாகியிருந்த மார்ட்டின் ஸ்கோர்செசியின் கையில் ஒரு ஆங்கிலிக்க ஆயர் இந்த நாவலைக் கொடுத்தார். ஏறத்தாழ முப்பதாண்டு மனத்தில் சுமந்து 2016இல் அவர் அதைப் படமாக்கி முடித்தார். ரோமாபுரியில் சேசு சபையினருக்கு அதைத் திரையிட்டுக் காட்டினார், பாப்பரசர் பிரான்சிஸையும் சந்தித்தார். அந்தப் பாப்பரசரும் சேசு சபையினரே. இளவயதில் ஜப்பானுக்கு மறைபரப்பப் போக விரும்பி, நுரையீரல் நோயால் அனுமதி மறுக்கப்பட்டவர்.

இதற்கிடையே 2008 நவம்பர் 24 அன்று நாகசாகியில் 188 வேதசாட்சிகள் அருளாளர்களாக உயர்த்தப்பட்டார்கள். அவர்களில் நகௌரா ஜூலியனும் பீட்டர் கிபேயும் உண்டு. ஃபெரைராவுக்கும் கியாராவுக்கும் பீடம் கிடையாது, கிடைக்கவும் கிடைக்காது. அவர்களுக்காக ஒரு நாவல் இருக்கிறது.

எண்டோ அத்தோடு நிற்கவில்லை. ‘மௌனம்’ வந்து இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின், 1993இல், நோய் முற்றிய நிலையில் தம் கடைசிப் பெரிய நாவலை வெளியிட்டார். அதன் களம் காசி. சபையால் ஒதுக்கப்பட்ட ஒரு ஜப்பானியத் துறவி கங்கைக் கரையில் ஆதரவற்ற பிணங்களைத் தோளில் சுமக்கும் ‘ஆழ்நதி’யும், வற்றிய மார்பில் பாலூட்டும் சாமுண்டியின் உருவத்தில் எண்டோ கண்ட அன்னையும் அடுத்த பகுதியில்.